உரையளவையும் இணையமும்

சைவ சித்தாந்த நூலாராய்ச்சியிற் புகுவார் பலர் இக்காலத்து முதற்கண் நாடுவது இணையத்தையே. ஏட்டுச் சுவடியும் அச்சுப் புத்தகமும் அதற்குப் பின்னரே நினைக்கப்படுகின்றன. இதனை யாம் குறையாகக் கூறுகின்றிலேம். ஒரு பழம்பதிப்பைக் காண வேண்டி ஊர்விட்டு ஊர் சென்று, அங்குள்ளார் மனமிரங்கிப் பேழை திறக்குமளவும் திண்ணையிற் காத்திருந்த காலம் யாம் நேரே அறிந்ததாம். அந்நிலை மாறி, மடாலயத்து ஓர் அறையில் இருந்தபடியே கடல்கடந்த நூனிலையங்களின் புத்தகங்களையும் விரித்து நோக்கும் வாய்ப்பு வந்தெய்தியது நன்றே. 1998-ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய நிறுவனமும், 2005 முதல் ஈழத்து நூல்களைத் தொகுத்துவரும் நூலகம் என்னும் அமைப்பும் செய்துவரும் தொண்டு பெரிது. செல்லுக்கும் ஈரத்திற்கும் இரையாகவிருந்த நூல்கள் பல இத்தகையோர் முயற்சியாற் பிழைத்தன.

ஆயினும் கிடைத்தல் வேறு, தேறுதல் வேறு. ஒரே திரையில், ஒரே எழுத்துருவில், நல்லதும் அல்லதும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையுற்று நிற்கின்றன. புத்தகமாயின் தாளின் பழைமையும், பதிப்பாசிரியர் பெயரும், முகவுரையும் ஒருவாறு தரத்தை அறிவிக்கும். இணையப் பக்கத்திலோ முப்பதாண்டு சுவடி ஒப்புநோக்கியவர் எழுதியதும், நேற்று மாலை ஒருவர் பொழுதுபோக்காக எழுதியதும் தோற்றத்தால் ஒன்றே. ஆகலின், இவ்வாறு கிடைக்கும் உரைகளுள் எதனை எத்துணையளவிற்கு நம்பலாம் என்பதனை நம் அளவை நூல் வழிநின்று ஆராய்தல் மாணாக்கர்க்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதப் புகுந்தேம்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தே அளவைகளை ஆறென்பார் கருத்தையும், அவற்றின்மேல் நான்கு கூட்டிப் பத்தென்பார் கருத்தையும் எடுத்துக்கூறி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென முடித்தனர். இணையத்தின் வாயிலாகப் பெறுவன பெரும்பாலும் உரையின்பாற் படும். இறைவனருளிய ஆகமத்தின் பிராமாணியம் பற்றிய ஆராய்ச்சி வேறு. அஃது ஈண்டைக்கு வேண்டா. யாம் கூறுவது மக்கள் உரையைக் குறித்தே. அவ்வாகமத்தின் பெயரால் ஒருவர் எழுதிவைத்ததும் மக்கள் உரையேயாம் என்பது நினைவிலிருத்தற்பாலது.

இணையத்துப் பொருள்களுள்ளும் தரவேறுபாடு உண்டு. ஓர் ஏட்டினது அல்லது அச்சுப் பக்கத்தினது படம் கிடைப்பின், அது காண்டலை அணுகியது. எழுத்தை நாமே நோக்குகின்றோம். அப்பக்கத்தைப் பார்த்து ஒருவர் தட்டெழுதி இட்ட பாடம் உரையாம். இடையில் ஒருவருடைய கண்ணும் கையும் புகுந்தன. அப்பாடத்தைக் கொண்டு மற்றொருவர், இந்நூல் இவ்வாறு கூறுகிறது என்று சுருக்கி எழுதியது உரைமேல் உரை. ஆராய்ச்சியாளன் தன் கையிலிருப்பது இம்மூன்றனுள் யாது என்று அறியாது ஓரடியும் மேற்செல்லலாகாது. மூன்றாவதனைக் கண்டு முதலாவதனைக் கண்டதுபோல எழுதுவதே இன்று மலிந்துள்ள குற்றம்.

இனி, உரை அளவையாதற்கு அதனைக் கூறினான் தகுதி வேண்டும். உள்ளதை உள்ளவாறு உரைப்பவனே ஆப்தன் எனத் தருக்கசங்கிரகம் கூறும். அந்நூலைச் சிவஞான முனிவர் தமிழில் மொழிபெயர்த்துத் தந்தமையால் நம் மடங்களில் அது பயிற்சியுடையது. அவ்விலக்கணத்துள் இரண்டு தகுதிகள் அடங்கியுள்ளன. பொருளை அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்ததைத் திரியாமற் கூறும் வாய்மையும் வேண்டும். அறிவிருந்தும் ஒரு கட்சியை நிலைநாட்டும் வேட்கையால் மறைத்துக் கூறுவாரும் உளர். வாய்மையிருந்தும் அறிவு போதாதாரும் உளர். பின்னவரே இணையத்தில் மிகுதி. பத்தி மேலீட்டால் எழுதுகின்ற அன்பர்கள் ஒருவரையும் ஏமாற்ற எண்ணினாரல்லர். ஆயினும் அவர்தம் பத்தி பாடபேதத்தைத் தீர்த்துவிடாது.

கூறினான் பெயரே இல்லாத பக்கங்களை என்செய்வது? பத்தளவை கூறுவார் ஐதிகம் என ஒன்று கொண்டனர். சொன்னவன் இன்னானென்று அறியப்படாது, தொன்றுதொட்டு வாய்வழி வரும் செய்தி அது. இந்த ஆலமரத்திற் பேயுண்டு என ஊரார் கூறுவதை அதற்கு எடுத்துக்காட்டுவர். எழுதினார் பெயரும், எடுத்த நூலின் பெயரும், எழுதிய நாளும் இல்லாத வலைத்தளச் செய்தி இவ்வகையினதே. அது பொய் என்று யாம் சொல்லவில்லை. மரத்திற் பேய் இருப்பினும் இருக்கலாம். அதனை ஒரு வழிகாட்டியாகக் கொண்டு மூலத்தைத் தேடிச் செல்லலாமேயன்றி, கட்டுரையிற் சான்றாக நிறுத்துதல் கூடாது.

பலவிடத்தும் ஒன்றே காணப்படுகிறதே, பலர் கூறுவது பொய்யாகுமோ என ஒருசாரார் வினவுவர். பலர் கூறுதல் வேறு, பல சான்று இருத்தல் வேறு. அமெரிக்கக் கண்டத்தில் கோவாட்டி என்றொரு விலங்கு உண்டு. 2008-ஆம் ஆண்டில் ஒரு மாணவர் விக்கிப்பீடியாவில் அதற்குப் பிரேசிலிய ஆர்டுவார்க் என்றும் பெயருண்டு எனத் தாமே புனைந்து விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். அப்பெயரைச் செய்தித்தாள்கள் எடுத்தாண்டன, நூலிலும் ஏறிற்று. பின்னர், விக்கிப்பீடியாக் கட்டுரையிலிருந்த அப்பெயர்க்கு அச்செய்தித்தாளே சான்றாகக் காட்டப்பட்டது. ஆறாண்டு கழித்து, 2014-இல் நியூயார்க்கர் இதழ் இதனை வெளிப்படுத்திற்று. ஆயிரம் இடத்துக் காணப்படினும் அங்கிருந்த சான்று ஒன்றே, அதுவும் இல்பொருள். ஆகலின் பத்துப் பக்கங்கள் ஒன்றையே கூறுமிடத்து, அவை பத்து வாயா அன்றி ஒரு வாயின் பத்து எதிரொலியா என்று பார்த்தல் வேண்டும். சொல்லமைப்பும் பிழையும் கூட ஒத்திருப்பின் எதிரொலியென்றே துணிக. சுவடி ஒப்புநோக்கினார்க்கு இது புதிதன்று. ஒரே பிழையைத் தாங்கிய நான்கு ஏடுகள் ஒரு தாயேட்டின் படிகள் எனக் கொண்டு, அவற்றை நான்காக எண்ணாது ஒன்றாகவே எண்ணுவதன்றோ பதிப்பு முறை?

பக்கத்தின் பொலிவைக் கண்டு மயங்குதலும் கல்வி மிகுந்தாரிடத்தும் உள்ளதே. அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வரலாற்றுப் பேரறிஞர் பதின்மரையும், செய்திகளின் மெய்ம்மை காண்பதையே தொழிலாகவுடையார் பதின்மரையும், மாணாக்கர் இருபத்தைவரையும் ஒரே வலைத்தளங்களை நோக்கச் செய்து, அதன் முடிபை 2017-இல் வெளியிட்டனர். வரலாற்றறிஞரும் மாணாக்கரும் அப்பக்கத்திலேயே நின்று, அதன் இலச்சினையையும் நடையையும் அடிக்குறிப்புகளையும் கண்டு பன்முறை ஏமாந்தனர். மெய்ம்மை காண்பாரோ, பக்கத்தைச் சிறிதே நோக்கி உடனே அதனை விட்டு வெளியேறி, இத்தளத்தார் யாவர், இவரைப் பற்றிப் பிறர் கூறுவதென்னை என்று வேறிடங்களிற் றேடி, விரைந்து உண்மை கண்டனர். ஒருவன் தன்னைப் பற்றித் தானே கூறும் புகழை நம்பாது, அவன் ஊரிற் சென்று வினவும் முறை இது. பெண் கொடுப்பார் அறிந்த நெறியை நூல் கொள்வார் மறந்தனர் போலும்.

இவையெல்லாம் பொதுவாயின. நம் நூல்களுக்கே உரிய இடர்ப்பாடு பாடத்தின் தூய்மை பற்றியது; ஈண்டுச் சற்று விரித்துக் கூறுவேம்.

அச்சுப் பக்கத்தின் படத்தை நோக்கி எழுத்தை எழுத்தாக உணர்ந்து பெயர்த்துத் தரும் எழுத்துணரி என்னும் கணினிக் கருவி இப்பொழுது பெருக வழங்குகிறது. அது ரகரத்தையும் காலையும் ஒன்றாக மயங்கும், புள்ளியை விழுங்கும், பழைய அச்சிலுள்ள ணை, லை, னா, றா என்பவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு தடுமாறும். காலும் ரகரமும் ஒத்த வடிவின், மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் வேறுபடா, இவ்வாறு ஏடெழுதிய காலத்துப் பதிப்பாசிரியர் பட்ட பாடு அறிஞர் அறிந்ததே. ஏட்டின் மயக்கத்தை அவர்கள் ஒரு தலைமுறைக்காலம் உழைத்துத் தீர்த்து அச்சேற்றினர். அவ்வச்சைக் கணினி மீண்டும் ஏட்டின் மயக்கத்துள் ஆழ்த்துகின்றது!

இதனால் வரும் கேடு சிறிதன்று. 'சித்து' என்பதன் மேல்விலங்கு உதிர்ந்தால் 'சத்து' என்றாகும். உயிர் சித்து என்று எழுதப்பட்ட உரைப்பகுதி, உயிர் சத்து என்று கூறுவதாகிவிடும். உயிரைச் சதசத்து என வரையறுக்கும் சித்தாந்தம் அவ்விடத்தே பிறிதொரு மதமாய்த் திரியும். திருவருட்பயனுள் இருண்மலநிலையும் அருளதுநிலையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். இருளென்பதும் அருளென்பதும் முதலெழுத்தொன்றால் வேறுபடுவன. அண்மையில் எம்பால் வந்த சிறு வெளியீடு ஒன்றில், உரை விளக்கத்துள் அருள் நிற்க வேண்டிய ஈரிடத்தில் இருள் நின்றது. வெளியிட்டார் இணையத்திலிருந்த பாடத்தை அவ்வாறே எடுத்து அச்சிற்குக் கொடுத்துள்ளார் என்பது, தளத்திலும் அதே ஈரிடத்தும் அதே பிழை இருந்தமையாற் புலனாயிற்று. இனி அந்நூலைக் காட்டி, அச்சிலும் இவ்வாறே உள்ளது என்று கூறுவார் தோன்றுவர். இளைய மாணாக்கன் ஒருவன் அதனை மனனம் செய்துவிடின், பின்னர் யார் சென்று திருத்துவது?

ஆகலின் ஒரு பாடத்தை மேற்கொள்ளுமுன், எப்பதிப்பைக் கொண்டு இது எழுதப்பட்டது, தட்டெழுதினார் யார், ஒப்புநோக்கினார் யார் என்பன கூறப்பட்டுள்ளனவா என நோக்குக. மதுரைத் திட்டத்தார் தம் மின்னூல்களின் முகப்பில் இவற்றை அறிவிக்கும் வழக்கம் உடையர். இதனை ஏனையோரும் பின்பற்றுதல் தக்கது. அவ்வறிவிப்பு இருப்பினும், கட்டுரையின் கருத்து ஒரு சொல்லை ஊன்றி நிற்குமாயின் அச்சொல்லைப் பக்கப் படத்திலோ புத்தகத்திலோ கண்டே எழுதுக.

எண்ணிக்கை வேறுபாடு கண்டவிடத்து உடனே பிழையென்று கூறுதலும் ஆகாது. திருமந்திரச் செய்யுள்களின் எண் பதிப்புத்தோறும் வேறுபடும். தேவாரம் பண்முறையானும் தலமுறையானும் அடைவு செய்யப்பட்டுள்ளது. திருவிடைவாய்ப் பதிகம் 1917-இல் அத்தலத்துக் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. அதனைச் சேர்த்து எண்ணுவார் கணக்கும் சேர்க்காதார் கணக்கும் ஒவ்வா. இரண்டு தளங்கள் வேறுபட்டு இரண்டும் மெய்யாயிருத்தல் கூடும். பதிப்பின் பெயர் கூறாது செய்யுளெண் மட்டும் தருவதே ஆண்டுள்ள குற்றம்.

ஆண்டுக் கணக்கிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்தில் தம் காலத்தைச் சகம் 1235 எனத் தாமே குறித்தனர். அதனோடு 78 கூட்டினாற் கிறித்துவாண்டு 1313 வரும். 1235 என்னும் எண்ணை மட்டும் கண்டு கிறித்துவாண்டெனக் கொள்வார்க்கு, சந்தானத்தில் நான்காமவர் எழுபத்தெட்டாண்டு முன்னே சென்று, 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினரெனப் பெரும்பாலாராற் கொள்ளப்படும் மெய்கண்டாரோடு நெருக்குற்று நிற்பர். ஆண்டெண் கண்டால் எவ்வாண்டு என்று வினவுக.

இனி அபாவ அளவை பற்றிய ஒரு மயக்கத்தைக் கூறல் வேண்டும். தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டுப் பார்த்தேன், கிடைத்திலது, ஆகலின் அந்நூலுள் அச்சொல் இல்லை என்று முடிவுகட்டுவாரைப் பெரிதும் காண்கின்றேம். இன்மை துணியப்படுவது, உளதாயிற் காணப்பட்டேயிருக்கும் என்னும் நிலையிலன்றோ? பகலில், வெற்றிடத்தில், குடத்தைக் காணாது குடமில்லை எனலாம். இருட்டறையிற் காணாது அங்ஙனம் கூறலாகாது. கணினி அறிவது எழுத்தடைவை. புணர்ச்சியை அஃது அறியாது. 'இருள்' என்று தேடுவார்க்கு 'இருண்மலம்' அகப்படாது. 'அருள்' என்று தேடுவார்க்கு 'அருணிலை' அகப்படாது. நன்னூல் கற்றான் தேடுவதற்கும் கல்லாதான் தேடுவதற்கும் வேறுபாடு இங்ஙனம் கணினி முன்னும் உளதாயிற்று என்பது எமக்கு மகிழ்ச்சியே.

அன்றியும், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்து கணினிக்கு இரண்டாதல் உண்டு. இரௌரவம் என்பதன் ஔகாரக் குறியை உரிய குறியாலன்றி, ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடுத்து எழுதுவார் பலர். நம் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. தேடுபொறிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இரௌரவம் என்றமையால் அது பற்றியே ஒன்று கூறுவேம். சிவஞானபோதச் சூத்திரங்கள் இரௌரவாகமத்தன என்பது சிவஞான முனிவர் முதலாயினார் கொள்கை. தமிழிலேயே முதனூலாக எழுந்தது என்பார் மறைமலையடிகள் முதலாயினார். இணையத்தில் இவ்விரு கட்சியாரும் எழுதுவன கணக்கில. அவருட் பலர் இரௌரவத்தைத் திறந்து கண்டவராகத் தோன்றவில்லை. அவ்வாகமம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து வெளியீடாக ந. ரா. பட்டர் பதிப்பில் 1961, 1972, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்துளது. வழக்கிடுவார் முதலில் அதனைக் காணக் கடவர். கண்டபின்னும், அது கிடைத்த சுவடிகளைக் கொண்டு செய்யப்பட்டது என்பதையும், மேற்கூறிய இருட்டறை நியாயத்தையும் உளங்கொண்டே பேசக் கடவர்.

அற்றேல், அச்சுப் புத்தகங்களிற் பிழையில்லையோ, இணையத்தை மட்டும் ஏன் இத்துணை நெருக்குகின்றீர் எனின், உண்டு, மிகவும் உண்டு. ஆயினும் அச்சுப்பிழை நின்ற இடத்தில் நிற்கும். யாம் கண்ட பிழையை நீவிரும் காணலாம். இணையப் பக்கமோ இன்று ஒன்று கூறி நாளை மற்றொன்று கூறும். மறுநாள் இல்லாமலே போகும். அன்பர் பலர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் இடம் 2009-இல் மூடப்பட்டது. யாகூ குழுக்கள் 2020-இல் மறைந்தன. அவற்றைச் சுட்டிய கட்டுரைகள் இன்று வெற்றிடத்தைச் சுட்டுகின்றன. இதற்குப் பரிகாரமாக, இணைய ஆவணகம் என்னும் நிறுவனத்தார் பழம்பக்கங்களின் படிகளை நாளிட்டுச் சேமித்து, 2001 முதல் எவரும் காணத் திறந்து வைத்துள்ளனர். எடுத்தாளும் பக்கத்தின் படியை ஆங்குச் சேமிக்கச் செய்து, கண்ட நாளையும் கட்டுரையிற் குறித்தல் நன்று. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் திருத்த வரலாறு உண்டு. யார், எந்நாள், எதனை மாற்றினார் என்பது ஆண்டே காணப்படும். அதனை நோக்குவாரை யாம் அரிதாகவே கண்டுளேம். பார்ப்பார் குறைந்தவிடத்துப் பிழை நெடுநாள் வாழும். ஸ்காட்சு மொழி விக்கிப்பீடியாவில் அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் பல்லாயிரம் கட்டுரைகளைப் பல்லாண்டு எழுதிவந்தமை 2020-இற்றான் உலகிற்குத் தெரிந்தது. சித்தாந்தப் பொருள்பற்றிய கட்டுரைகளைக் கண்காணிப்பார் எத்துணையர் என்று நம்மனோர் எண்ணிப் பார்க்கலாம்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்ததன் பின்னர், வினாவிற்கு விடையைத் தானே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணாக்கர் கையில் வந்துள்ளன. இவற்றின் உரை எவ்வளவையின்பாற் படும்? மேற்கூறிய ஆப்த இலக்கணத்தை இட்டுப் பார்ப்பின், அறிந்து கூறுதலும் இல்லை, வாய்மை பொய்ம்மை என்னும் கருத்தும் இல்லை. சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்துத் தொடுப்பதே அதன் தொழில். ஆகவே அது சில வேளை மெய்யும், சில வேளை இல்லாத நூலின் இல்லாத பக்கமும் ஒரே குரலிற் கூறும். 2023-இல் நியூயார்க்கு நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இருவர் அக்கருவி தந்த ஆறு முன்தீர்ப்புகளைக் காட்டினர். அவ்வாறும் உலகில் இல்லாதன. அவை மெய்யானவையோ என அக்கருவியையே வினவியபொழுது, ஆம் என்று அது விடையிறுத்திருந்தது. நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தனர். சாட்சி மெய்யனோ என்று சாட்சியையே வினவும் வழக்கத்தை எந்நாட்டு அறநூலும் உடன்பட்டதில்லை. அக்கருவி ஒரு நூற்பெயரைச் சொன்னால் அந்நூலைத் தேடுக; கிடைத்தால் அதனைப் படித்து, அதனையே சான்றாக்குக.

இனி, வழக்கு முடியாதவிடத்து முடிந்ததாக எழுதுதலும் இணையத்தார் பரப்பும் ஒரு குற்றம். உண்மைநெறி விளக்கத்தை உமாபதி சிவம் அருளியதென எண்ணும் வழக்கும், சீகாழித் தத்துவநாதர் இயற்றியதென்னும் வழக்கும் உள்ளன. தளங்களின் நூற்பட்டியில் ஒரு கட்டத்தில் ஒரு பெயரே இடப்படும். இரண்டாவது வழக்கு அக்கட்டத்துட் கொள்ளாது ஒழிந்துபோம். பட்டியைப் பார்த்து எழுதுவார்க்கு அங்கு ஒரு வழக்கு உண்டென்பதே தெரியாது. அட்டவணை வடிவிற் காணும் செய்திகளை, உரைநடையிற் காண்பனவற்றினும் ஒருபடி தாழவே வைத்து எண்ணுவது எம் வழக்கம்.

மடாலயங்களிலும் இல்லங்களிலும் உள்ள சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் பணி இப்பொழுது ஆங்காங்கு நிகழ்கின்றது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டபின் இதில் ஊக்கம் மிகுந்துளது. இப்பணி செய்வார்க்கு ஒரு வேண்டுகோள். சுவடி இருந்த இடம், அதன் எண், ஏடுகளின் தொகை, எழுதினோன் குறிப்பு, படமெடுத்த நாள் ஆகியவற்றைப் படத்தோடு பிரியாதவாறு சேர்த்து வைக்க. நூல் முடிந்தபின் வரும் வெற்றேட்டையும் விடாது படமெடுக்க. எழுதினோன் பெயரும் ஆண்டும் பலகாலும் ஆண்டே உள்ளன. அழகு கருதி ஏட்டின் இடப்புறத்து ஓரத்தை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடத்து உண்டு. ஏட்டெண் பொறித்திருப்பது அவ்வோரத்திலேயாம்.